நியாயம் சொல்பவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?

"இன்னும் கடைக்கே வராத புது மருந்து சார். இந்த ஆராய்ச்சியில சேர்ந்தீங்கன்னா மருந்தும் ஃப்ரீ, டெஸ்ட்டும் ஃப்ரீ. பயமே வேண்டாம், எத்திக்ஸ் கமிட்டி ஓ.கே. பண்ணியிருக்கு. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க!"

உங்கள் வீட்டில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புற்றுநோய் என்று யாராவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால், என்றைக்காவது ஒரு நாள் இந்த வார்த்தைகள் உங்கள் காதிலும் விழலாம். 'எத்திக்ஸ் கமிட்டி' என்ற பெயரைக் கேட்டதுமே நமக்குப் பாதி பயம் போய்விடுகிறது. 'பெரியவங்க நாலு பேர் உட்கார்ந்து நல்லது கெட்டது பார்த்திருக்காங்க, அப்புறம் நமக்கென்ன?' என்று பேனாவை எடுத்துவிடுகிறோம்.

நல்லது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. அந்த நாலு பேர் யார்? அவர்கள் வீட்டு உலை எந்தக் காசில் கொதிக்கிறது?

கேட்கக் கொஞ்சம் மரியாதைக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் இதைக் கேட்காமல் விட்டதால் உலகத்தில் எங்கெங்கே என்னென்ன நடந்தது என்று தெரிந்தால், நீங்களே கேட்பீர்கள்.

எதற்காக வந்தது இந்தக் கமிட்டி?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்று ஓர் ஊர். அங்கே 1932-ஆம் ஆண்டு, மேகநோய் கண்ட ஏழைக் கறுப்பின ஆண்களை வைத்து அரசாங்கமே ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிகிச்சை தராமல் விட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு! பென்சிலின் வந்து, அதுதான் மருந்து என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. 1972-இல் செய்தி வெளியே வரும்வரை, நாற்பது வருஷம் இது நடந்தது.

அந்த அதிர்ச்சியில்தான் 1974-இல் அங்கே சட்டம் வந்தது. மனிதர்கள் மேல் ஆராய்ச்சி செய்வதென்றால், ஆராய்ச்சியில் சம்பந்தப்படாத ஒரு குழு முதலில் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 1980-லேயே இதுபற்றிக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2013 முதல் மருந்து ஆராய்ச்சிகளைப் பரிசீலிக்கும் எத்திக்ஸ் கமிட்டிகள் அரசாங்கத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, கமிட்டியில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அதில் மருத்துவம் தெரியாத பொதுஜனம் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், ஒரு பெண் உறுப்பினர் கட்டாயம். உறுப்பினர்களில் பாதிப்பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். தலைவரும் வெளியாளாகத்தான் இருக்க வேண்டும்.

படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! இந்த விதிகளை எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. சொந்த வீட்டுக்காரரே நியாயம் சொன்னால் நியாயம் சாயும் என்பதால்தான் 'வெளியாள்' என்று அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் பணம் வரும் வழியைப் பாருங்கள். ஒரு மருந்துக் கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆய்வு நடத்துகிறது என்றால், ஆய்வு நடத்தும் டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் கம்பெனி பணம் தருகிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கக் கமிட்டிக்குக் கட்டணமும் பெரும்பாலும் அதே கம்பெனிதான் கட்டுகிறது. கமிட்டியில் இருக்கும் உள் ஆட்களுக்குச் சம்பளம், பதவி உயர்வு எல்லாம் அந்த ஆஸ்பத்திரியில்தான். வெளியிலிருந்து வருகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிதான்.

யாரும் லஞ்சம் வாங்கவில்லை. எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது. ஆனாலும் 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று பழகிய மனசு நமக்கு. ஒருவர் வீட்டில் ஒரு வாய் காபி சாப்பிட்டாலே, அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை சொல்லும்போது ஒரு குறையைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறோம் இல்லையா? வருஷக்கணக்கில் உப்புச் சாப்பிட்டால்?

'நலன் முரண்' என்றால் திருட்டு அல்ல

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் செய்ய வேண்டிய கடமை ஒரு பக்கம் இழுக்கிறது, அவருடைய சொந்த லாபமோ பாசமோ பெருமையோ இன்னொரு பக்கம் இழுக்கிறது. இந்த நிலைமைக்குத்தான் நலன் முரண் என்று பெயர். இது குற்றச்சாட்டு அல்ல, நிலைமை. அந்த நிலைமையில் நிற்கிற உத்தமரும் சில சமயம் சரியாகத்தான் முடிவெடுப்பார். ஆனால் அவர் சரியாகத்தான் முடிவெடுத்தாரா என்று நமக்கும் தெரியாது, சில சமயம் அவருக்கே தெரியாது. சிக்கலே அங்கேதான்.

உடல் உறுப்பு தானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூளைச்சாவு அடைந்துவிட்டார் என்று சான்று தரும் டாக்டர்கள் குழுவில், அந்த உறுப்பை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தப் போகும் டாக்டர் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்றா இதற்கு அர்த்தம்? இல்லை. ஒரு பக்கம் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் நோயாளியின் முகம், இன்னொரு பக்கம் வென்டிலேட்டரில் கிடக்கிறவர். இரண்டையும் ஒரே ஆள் தலையில் ஏற்றக் கூடாது என்ற புத்திசாலித்தனம்தான். தமிழ்நாட்டில் இத்தனை குடும்பங்கள் நம்பி உறுப்பு தானம் செய்கின்றன என்றால், அதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

அதே புத்திசாலித்தனத்தை, ஒழுக்கம் சொல்லும் கமிட்டிகள் விஷயத்திலும் நாம் காட்ட வேண்டாமா?

அமெரிக்காவில் பார்த்த மூன்று பாடங்கள்

மருத்துவத்தில் எது நியாயம், எது அநியாயம் என்று சொல்வதையே ஒரு முழுநேரத் தொழிலாக, பட்டப்படிப்பாக வளர்த்தது அமெரிக்காதான். அதனால் அந்தத் தொழிலுக்கு வந்த நோயின் குறிகுணங்களும் அங்கேதான் முதலில் நன்றாகத் தெரிந்தன.

முதல் பாடம், ஜெஸ்ஸி ஜெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன். கல்லீரலில் ஒரு நொதி சரியாகச் சுரக்காத பிறவிக் கோளாறு அவனுக்கு. சாப்பாட்டுக் கட்டுப்பாடு, மாத்திரை என்று ஓரளவு நன்றாகவே இருந்தவன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த மரபணு சிகிச்சை ஆய்வுக்குத் தானாக முன்வந்தான். 1999 செப்டம்பர் 17-ஆம் தேதி இறந்துபோனான். அந்த ஆய்வு மையத்தின் தலைவர் மரபணு சிகிச்சைக்கென்றே ஒரு கம்பெனியைத் தொடங்கியவர் என்பதும், அந்தக் கம்பெனியில் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு இருந்தது என்பதும் பிறகு பெரிதாகப் பேசப்பட்டன. இந்த ஆய்வை, நோய் முற்றிய பச்சைக் குழந்தைகளிடம் செய்வதா, ஓரளவு நன்றாக இருக்கும் பெரியவர்களிடம் செய்வதா என்று ஒரு கேள்வி முன்பே எழுந்திருந்தது. பெரியவர்களிடம்தான் செய்ய வேண்டும் என்று நெறி வல்லுநர் ஆலோசனை சொன்னார். பிள்ளை சாகக் கிடக்கும்போது பெற்றவர்கள் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள், அது உண்மையான சம்மதம் ஆகாது என்பது காரணம். யோசித்துப் பார்த்தால் நியாயமான காரணம்தான். ஆனால் சொன்ன வல்லுநரும் அதே பல்கலைக்கழகத்தின் சம்பளத்தில் இருந்தவர். அந்த ஆலோசனையில் சம்பளத்துக்குப் பங்கு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்று ஜெஸ்ஸியின் அப்பாவிடம் போய் அடித்துச் சொல்லவும் முடியாது. நலன் முரண் செய்கிற கெடுதல் இதுதான்: நல்ல ஆலோசனையின் மேலும் சந்தேகத்தின் நிழல் விழுந்துவிடுகிறது.

இரண்டாவது பாடம், 2000-ஆம் ஆண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஹேஸ்டிங்ஸ் சென்டர் என்று ஒரு நிறுவனம். 1969-இல் தொடங்கியது, மருத்துவ நெறியியலில் உலகம் மதிக்கும் இடம். மனச்சோர்வுக்குத் தரப்படும் புரோசாக் மருந்தைப் பற்றியும், அந்த மாதிரி மருந்துகளைக் கம்பெனிகள் விற்கும் விதத்தைப் பற்றியும் கேள்வி எழுப்பும் கட்டுரைகளை அதன் பத்திரிகை வெளியிட்டது. புரோசாக் மருந்தைத் தயாரிக்கும் எலி லில்லி கம்பெனி, அந்த நிறுவனத்துக்கு வருஷா வருஷம் 25,000 டாலர் நன்கொடை கொடுத்து வந்தது. கட்டுரைகள் வந்தன, நன்கொடை நின்றது!

ஹேஸ்டிங்ஸ் சென்டர் கட்டுரையைப் போட்டதே, அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் இன்னொன்றையும் யோசியுங்கள். நன்கொடை நின்றதைப் பார்த்த மற்ற நிறுவனங்கள், அடுத்த கட்டுரையைப் போடும்போது எத்தனை முறை யோசித்திருக்கும்? போடாமல் விட்ட கட்டுரையைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? வாயை மூடச் சொல்லி யாரும் மிரட்டத் தேவையில்லை. பணத்தை நிறுத்த முடியும் என்று ஒரு தடவை காட்டினால் போதும்.

மூன்றாவது பாடம் கேட்டால் சிரிப்பீர்கள், அப்புறம் வயிற்றைக் கலக்கும். அங்கே ஆய்வுகளுக்கு ஒப்புதல் தருவதையே லாபத்துக்காகச் செய்யும் தனியார் கமிட்டிகள் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஒரு நாடகம் ஆடியது. இல்லாத ஒரு கம்பெனி, இல்லாத ஒரு டாக்டர், அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயிற்றுக்குள் ஊற்ற இல்லாத ஒரு களிம்பு! அதற்கு 'அடீசியாப்ளாக்' என்று ஒரு பெயர். விண்ணப்பம் மூன்று கமிட்டிகளுக்குப் போயிற்று. இரண்டு கமிட்டிகள் 'இது ஆபத்து' என்று தள்ளிவிட்டன. கொலராடோவில் இருந்த கோஸ்ட் ஐ.ஆர்.பி. என்ற கமிட்டி ஒருமனதாக ஒப்புதல் கொடுத்துவிட்டது! 2009 மார்ச்சில் நாடாளுமன்ற விசாரணையில் விஷயம் உடைந்தது. அந்த வருஷமே கோஸ்ட் கடையை மூடியது.

தள்ளிவிட்ட இரண்டும்கூடக் கட்டணம் வாங்கும் கமிட்டிகள்தான் என்பதைக் கவனியுங்கள். ஆகவே காசு வாங்குகிறவர் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கம்பெனிக்கே இருந்தால், 'முடியாது' என்று சொல்லும் கமிட்டிக்கு வாடிக்கை குறையும், 'சரி' என்று சொல்லும் கமிட்டிக்கு வாடிக்கை பெருகும். மூன்றில் ஒன்று தூங்கினால் போதும், அந்த ஒன்றைக் கம்பெனி கண்டுபிடித்துவிடும்.

நம் நாட்டில்?

தூர தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2009-இல் ஒன்றாக இருந்த ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் சுமார் 24,000 பேருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி போடப்பட்டது. 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் நடத்தியது, ஊசி மருந்தைக் கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்தன. திட்டத்தில் கூட்டாளியாக இருந்தது யார் தெரியுமா? ஐ.சி.எம்.ஆர்.! மருத்துவ ஆராய்ச்சியில் எது நெறி என்று இந்த நாட்டுக்கே விதி எழுதித் தருகிற அதே அமைப்பு.

ஆந்திராவில் பெற்றோர் போட வேண்டிய சம்மதக் கையெழுத்தைப் பல இடங்களில் விடுதி வார்டன்களே போட்டிருந்தார்கள். ஏழு சிறுமிகள் இறந்ததும் பெரிய கூக்குரல் எழுந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. பிறகு அரசு அமைத்த குழு விசாரித்தது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 72-ஆவது அறிக்கையில் ஐ.சி.எம்.ஆரின் பங்கைக் கடுமையாகக் கண்டித்தது. விசாரணை நடத்த வந்தவர்களிடம்கூட நலன் முரண் இல்லை என்று எழுத்தில் உறுதிமொழி வாங்கவில்லையே என்றும் கேட்டது. காவல்காரருக்குக் காவல், அவருக்கும் காவல் என்று மூன்று அடுக்குக்கு அந்தக் கேள்வி போயிற்று.

ஒன்றை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சாவுகளுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் தெரியவில்லை. ஒரு குழந்தை பாம்பு கடித்தும், இன்னொரு குழந்தை தண்ணீரில் மூழ்கியும் இறந்தார்கள். அந்த ஊசியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சித்த வைத்தியனான நானும் 'போட்டுக்கொள்ளாதே' என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் என்ன ஆயிற்று பாருங்கள்! ஊசி நல்லதாக இருந்தும், கேட்காமல் போட்டதாலும், கேள்வி கேட்க வேண்டியவரே கூட்டாளியாக நின்றதாலும், ஊசியின் பெயரே கெட்டது. எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே பின்வாங்கினார்கள். நெறி தவறினால் விஞ்ஞானமும் சேர்ந்துதான் அடிவாங்கும்.

எங்கள் வீட்டையும் பார்ப்போம்

"இங்கிலீஷ் மருந்துக்காரங்களைத்தானே சொல்றீங்க. உங்க சித்த மருத்துவத்துல இதெல்லாம் இல்லைதானே டாக்டர்?" என்று சில வாசகர்கள் ஆசையோடு கேட்பீர்கள்.

இருக்கிறது சார். நன்றாகவே இருக்கிறது.

வள்ளுவர் மருத்துவத்தை நாலாகப் பிரித்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்பவர். இந்தக் காலத்தில் ஐந்தாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் பணம் போடுகிறவர். எங்கள் மரபில் பல இடங்களில் மருத்துவரும் பணம் போடுகிறவரும் ஒரே ஆள். வைத்தியரே மருந்து செய்கிறார், அவரே நாடி பார்க்கிறார், அவரே மருந்தை விற்கிறார். 'கன்சல்டேஷன் ஃப்ரீ' என்று போர்டு. நாடி பார்க்கக் காசு இல்லை என்றால், வைத்தியர் வீட்டு அடுப்பு எரிவது மருந்து விற்றுத்தான். 'உங்களுக்கு மருந்தே வேண்டாம், ராத்திரிச் சாப்பாட்டைக் குறைங்க' என்று சொன்னால் அன்றைக்கு அவருக்கு வரும்படி இல்லை. சொல்கிற நல்ல வைத்தியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஏற்பாடு அவர்களுக்கு எதிராக இருக்கிறது. இதற்கு மருந்துச் சீட்டு ஒரு நல்ல வழி. மருந்தின் பெயரைப் புரியும்படி எழுதிக் கொடுத்துவிட்டால், நோயாளி அதை இம்ப்காப்ஸ் கடையிலும் வாங்கலாம், டாம்ப்கால் கடையிலும் வாங்கலாம், வேறு எங்கேயும் வாங்கலாம். சீட்டு எழுதித் தர மறுத்து, 'இது எங்க கிட்ட மட்டும்தான் கிடைக்கும்' என்று சொன்னால், நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

ஆராய்ச்சிக்கு வருவோம். சித்த மருந்து ஆராய்ச்சிக்கும் எத்திக்ஸ் கமிட்டி வேண்டும். ஆயுர்வேத, சித்த, யுனானி ஆய்வுகளுக்கென்றே 2013-இல் மத்திய ஆயுஷ் துறை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆனால் எங்கள் உலகம் சின்ன உலகம். ஆய்வு செய்கிறவர் இவருடைய மாணவர், வழிநடத்துகிறவர் அவருடைய வகுப்புத் தோழர், கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு பேருக்கும் ஆசிரியர். இதில் பத்துப் பைசா கைமாறவில்லை. ஆனாலும் 'நம்ம பையன்' என்ற பாசம் இருக்கிறதே, அது காசைவிடக் கனமானது.

அதைவிடப் பெரியது இன்னொன்று: 'நம்ம மருத்துவம் ஜெயிக்கணும்' என்கிற ஆசை! 2020-இல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீர் பற்றி ஆய்வுகள் நடந்தன. அப்போது ஒரு கமிட்டியில் உட்கார்ந்திருந்த சித்த மருத்துவரின் மனசை நினைத்துப் பாருங்கள். காலங்காலமாக 'கசாயக்காரன்' என்று கேலி கேட்ட மனசு அது. உலகத்துக்கு நிரூபித்துக் காட்ட இதோ ஒரு சந்தர்ப்பம். அந்த நேரத்தில் 'இந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்கும் பிரிவு சரியில்லை, திருத்திக் கொண்டுவாங்க' என்று கறாராகச் சொல்வது லேசான காரியமா? ஆனால் அதைச் சொல்கிறவர்தான் சித்த மருத்துவத்துக்கு உண்மையான நண்பர். மட்டமான ஆய்வால் வரும் வெற்றி, அடுத்த காற்றுக்குத் தாங்காது.

கம்பெனிக் காசு மட்டும்தான் நலன் முரண் என்று நாங்கள் சொல்லித் தப்பிக்க முடியாது. பாசம், பெருமை, கொள்கைப் பற்று எல்லாமே தராசின் தட்டைத் தொடுகிற விரல்கள்தான்.

எழுதிக் கொடுத்துவிட்டால் போதுமா?

இதற்கெல்லாம் இப்போதைய வைத்தியம் 'வெளிப்படுத்துதல்'. 2019 விதிகளின்படி கமிட்டி உறுப்பினர் தமக்கு நலன் முரண் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். இருந்தால் தலைவரிடம் எழுத்தில் சொல்லிவிட்டு அந்தப் பரிசீலனையிலிருந்து விலகலாம், அது கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும்.

நல்ல ஆரம்பம். ஆனால் இது ஜுரம் இருக்கிறது என்று தெர்மாமீட்டர் காட்டுவது மாதிரி. தெர்மாமீட்டர் ஜுரத்தை இறக்குமா? உறுப்பினர் தாமே தம்மைப் பரிசோதித்துக்கொண்டு 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று எழுதித் தருகிறார். அந்தக் குறிப்பு கோப்புக்குள் போகிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளியின் கண்ணில் அது படுகிறதா? அது மட்டுமல்ல, ஆய்வில் ஒருவர் இறந்துபோனால், அதைப் பற்றியும் நஷ்டஈடு பற்றியும் 30 நாளில் கருத்துச் சொல்ல வேண்டியவர்களில் இந்தக் கமிட்டியும் ஒன்று. ஒப்புதல் கொடுத்தவரே 'நாம் கொடுத்த ஒப்புதலில் கோளாறு இருந்ததா?' என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது!

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒன்று, கம்பெனிகள் கட்டும் பரிசீலனைக் கட்டணம் அந்தந்த ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மாநில அளவில் ஒரு பொது நிதியில் சேரட்டும். அங்கிருந்து கமிட்டிகளுக்குப் போகட்டும். 'சரி' சொன்னாலும் 'முடியாது' சொன்னாலும் அதே தொகை. இரண்டு, வெளி உறுப்பினர்களை ஆஸ்பத்திரி தேர்ந்தெடுக்காமல் ஒரு பொதுப் பட்டியலிலிருந்து சுழற்சியில் அனுப்பட்டும். மூன்று, யார் யார் உறுப்பினர், அவர்கள் கொடுத்த உறுதிமொழி என்ன என்பது ஆஸ்பத்திரி வரவேற்பறையில், தமிழில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டப்படட்டும். ரேஷன் கடையில் இருப்பு எவ்வளவு என்று போர்டில் எழுத முடிகிறது, இதை எழுத முடியாதா?

'காசு வாங்காமல் யார் சார் வந்து உட்காருவாங்க?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் சும்மா உழைக்கச் சொல்லவில்லை. நீதிபதிக்கும் சம்பளம் உண்டு. ஆனால் அதை வாதியும் கொடுப்பதில்லை, பிரதிவாதியும் கொடுப்பதில்லை. அதனால்தான் தோற்றவரும் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

இதெல்லாம் சட்டமாக வரும்வரை நம் குடும்பத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். யாராவது ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்டால், பதற்றப்படாமல் இவற்றைக் கேளுங்கள்.

1. இந்த ஆய்வுக்குப் பணம் போடுவது யார்? என்னைச் சேர்ப்பதற்காக டாக்டருக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஏதாவது தொகை உண்டா?

2. ஒப்புதல் கொடுத்தது எந்தக் கமிட்டி? இந்த ஆஸ்பத்திரியின் கமிட்டியா, வெளிக் கமிட்டியா? ஆய்வில் சம்பந்தப்பட்டவர் யாராவது அதில் இருக்கிறார்களா?

3. ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.-யில், பதிவாகியிருக்கிறதா? பதிவு எண் என்ன? 2007-இல் தொடங்கிய இந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பணம் போடுகிறவர் யார், ஒப்புதல் கொடுத்த கமிட்டி எது என்பதெல்லாம் அதில் இருக்கும். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

4. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? யாரிடம் புகார் சொல்வது? அந்தப் பெயரும் போன் நம்பரும் படிவத்தில் இருக்கிறதா?

5. நான் சேராவிட்டால் எனக்கு இங்கே கிடைக்கும் வழக்கமான சிகிச்சை குறையுமா? பாதியில் விலகலாமா? (குறையக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.)

6. கையெழுத்துப் போட்ட படிவத்தின் ஒரு பிரதி எனக்குத் தருவீர்களா? இது உங்கள் உரிமை. வாங்காமல் வராதீர்கள்.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவும் தயங்க வேண்டாம். புடவை எடுக்கப் போனால் மூன்று கடை ஏறி இறங்குகிறோம். உயிர் விஷயத்தில் ஒரு ராத்திரி யோசிக்கக் கூடாதா?

கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படாதீர்கள். நேர்மையாக ஆய்வு நடத்தும் டாக்டர்கள் இந்தக் கேள்விகளைச் சந்தோஷமாக வரவேற்பார்கள். நோயாளிகள் முன்வந்து சேராவிட்டால் நாளைக்கு நம் பேரப்பிள்ளைகளுக்குப் புது மருந்தே கிடைக்காது. அதனால் ஆராய்ச்சியில் சேராதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. தெரிந்து சேருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பாலுக்குக் காவல், பூனைக்குத் தோழன் என்று இரண்டு வேலையையும் ஒருவரால் பார்க்க முடியாது. கமிட்டியில் உட்காருகிறவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், நெற்றி நிறைய விபூதி பூசியவராக இருந்தாலும், அவருடைய உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்கு நோயாளிக்கு உரிமை இருக்கிறது. ஏனென்றால் ஒப்புதல் அவருடையதாக இருக்கலாம், ஊசி ஏறப்போவது நம் வீட்டுக்காரர் கையில்!